ஹெட் ஆஃப் லிவிங் வரும்வரை

அன்று சனிக்கிழமை. மதியம் ஒரு மணி ஏழு நிமிடத்துக்கு எங்கள் கொண்டோ அடுக்குமாடியின் இரண்டாம் எண் லிஃப்ட் நின்றது. நிர்வாக அலுவலகம் சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு மூடிவிடும். ஆகவே தப்பு முழுக்க லிஃப்டின் மேல்தான். கொஞ்சம் பொறுப்பு தெரிந்த லிஃப்டாக இருந்திருந்தால் பன்னிரண்டே முக்காலுக்கே நின்றிருக்கும்.

உள்ளே என் மகள் இருந்தாள். பன்னிரண்டு வயது. காவலர் அறையில் வந்து கிடந்த ஒரு பார்சலை எடுத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தாள். கைப்பேசியில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். "மா, லிஃப்ட் நின்னுடுச்சு. லைட்டும் போச்சு, ஃபேனும் ஓடல. நீங்க..." அதோடு தொடர்பு அறுந்தது.

அவளுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் உடனே அடித்துக்கொள்ள வேண்டிய இன்ஹேலர், சாப்பாட்டு மேசைமேல், சில்லி சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே போய்விட்டு வருகிற வேலைதானே என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். நானும் பார்க்கவில்லை. லிஃப்ட் எந்த மாடியில் நின்றதோ தெரியாததால், அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடினேன்.

எங்கள் வீடு 13A மாடியில் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது பதினான்காவது மாடி. நாலு என்ற எண் சீனர்களின் காதில் சாவு என்பது போல ஒலிக்குமாம். அதனால் இந்த ஊர்க் கட்டடங்கள் பலவற்றில் நாலாவது மாடிக்கு 3A என்றும் பதினான்குக்கு 13A என்றும் பெயர் வைத்துவிடுவார்கள். பெயரை மாற்றியதில் மாடியின் உயரம் குறைந்ததாகத் தெரியவில்லை. அன்று இறங்கியபோது என் முழங்கால் எல்லாப் படிகளையும் பழைய கணக்கில்தான் உணர்ந்தது.

ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். 3A-வில் பதில் வந்தது. "மா, இங்க இருக்கேன்!" குரல் என் காலுக்குக் கீழேயிருந்து வந்தது. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் 3A-வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. கதவின் நடுப்பிளவில் நகத்தை விட்டு இழுத்தேன். ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகியது, அதற்குமேல் அசையவில்லை. இன்ஹேலர் நுழையாது. குரல் மட்டும் போய் வரும்.

மற்றவை எல்லாம் பிறகு நடந்தவை. அவற்றைச் சொல்வதற்கு முன், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏன் இந்த அம்மாள் பதவிப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று தோன்றும்.

என் விசிட்டிங் கார்டில் பீப்பிள் அண்ட் கல்ச்சர் பார்ட்னர் என்று போட்டிருக்கிறது. கம்பெனியில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது, ஆனாலும் பார்ட்னர். கல்ச்சர் என்பது மாதக் கடைசியில் வெட்டும் பிறந்தநாள் கேக். முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தவரை ஸ்டாஃப் கிளார்க் என்றார்கள். அவருக்கு ஓவர்டைம் கொடுத்தார்கள்.

வேலைக்கு ஆள் தேடி விளம்பரம் எழுதுவதுதான் என் தொழில். அதனால் ஆங்கிலப் பதவிப் பெயர்களை, காய்கறி வாங்குகிறவர் வெண்டைக்காயைப் பார்க்கிறமாதிரி, நுனியை ஒடித்துப் பார்த்தே பழகிவிட்டது. எக்ஸிகியூட்டிவ் என்ற சொல்லுக்கு அகராதியில் நிர்வாகி என்று இருக்கும். எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதன் பொருள், ஓவர்டைம் கிடையாது. சீனியர் எக்ஸிகியூட்டிவ் என்றால், சம்பள உயர்வும் கிடையாது. மேனேஜர் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. கன்சல்டன்ட் என்றால் காப்புறுதி பாலிசி விற்பவர். கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். டைரக்டர் என்றால் சொந்தமாக லோரி வைத்திருப்பவர். இதைத் துணிந்து சொல்வேன், ஏனென்றால் என் கணவர் கிள்ளானில் ஒரு டைரக்டர். இரண்டு லோரிகள். ஒன்றை அவரே ஓட்டுகிறார்.

ஒருமுறை எங்கள் மேலிடம், வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை, கெஸ்ட் ரிலேஷன்ஸ் ஆபீசர் என்று விளம்பரம் போடு என்றது. மேலிடம் வெளிநாட்டில் படித்தது. இந்த ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் மக்களுக்கு நினைவுக்கு வருவது போலீஸ் ரெய்டு நடக்கும் இரவு விடுதிதான் என்று நான் எடுத்துச் சொல்லவேண்டி வந்தது. பிறகு அது ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ் டைரக்டர் ஆனது. அந்தப் பெண்ணுக்கு லோரிகூடக் கிடையாது.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இதை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. நான் ஒரு பதவிப் பெயரைச் சொல்வேன். அந்த ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை மகள் ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டும். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்கு இன்னும் வேலை இல்லை, பயமும் இல்லை.

கதவுக்கு வெளியே மண்டிபோட்டு உட்கார்ந்து என் கணவரைக் கூப்பிட்டேன். டைரக்டர் துறைமுகத்திலிருந்து லோரியை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. அதிலேயே அவருடைய பயம் தெரிந்தது.

"நான் பொம்பாவுக்கு அடிக்கிறேன்" என்றார். தீயணைப்புப் படையை இங்கே எல்லோரும் பொம்பா என்றுதான் சொல்வோம். "நீ அங்கயே இரு. அவள பேச வச்சுக்கிட்டே இரு. பேச்சக் கேட்டாத்தான் மூச்சு எப்படி இருக்குன்னு தெரியும்."

பொம்பாக்காரர்கள் உடனே கிளம்பியும்விட்டார்கள். ஆனால் வெளியே மழை பிடித்திருந்தது. மழை பெய்யும் சனிக்கிழமை மதியத்தில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரச் சாலைகள் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். சைரன் வைத்திருந்தாலும் வண்டிக்கு இறக்கை முளைக்காது.

அதற்குள் காவலர் படியேறி வந்துவிட்டார். மன்னிக்கவும், காவலர் என்று சொல்லக் கூடாது. போன வருஷம் புது நிர்வாகக் கம்பெனி வந்ததும் முதல் வேலையாக எல்லோருக்கும் பெயர் மாற்றியது. கூட்டிப் பெருக்கும் அக்கா ஹைஜீன் பார்ட்னர் ஆனார். நேப்பாளத்திலிருந்து வந்து வாசலில் நிற்கும் இந்தப் பையன் சேஃப்டி அம்பாசிடர் ஆனான். அம்பாசிடர் என்றால் தூதர். தன் நாட்டின் சார்பில் எங்கேயும் பேசக்கூடியவர். இந்தத் தூதருக்கு எஸ்கலேட் செய்ய மட்டுமே அனுமதி. அதாவது, தனக்கு மேலே உள்ளவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும்.

"கக்காக், சபார்" என்றான். அக்கா, பொறுமை. அவனுக்கும் வேர்த்துக் கொட்டியது. எக்ஸிகியூட்டிவிடம் சொல்லிவிட்டேன், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று மலாயில் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எக்ஸிகியூட்டிவுக்கு முழுப்பெயர் கம்யூனிட்டி எக்ஸ்பீரியன்ஸ் எக்ஸிகியூட்டிவ். இருபத்துநாலு வயதுத் தமிழ்ப்பெண். கூப்பிட்டதும் எடுத்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. கிள்ளானில் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தாள்.

"ஆன்டி, நோட்டட் ஆன்டி. கம்ப்ளெய்ன் டிக்கெட் ஓப்பன் பண்ணிட்டேன்."

"டிக்கெட்டா? நான் என்ன சினிமாவுக்கா போறேன்? லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போடும்மா."

"ஆபீஸ் அவர்ஸ் முடிஞ்சிருச்சு இல்லியா ஆன்டி. இப்ப வெளியாளக் கூப்பிடணும்னா ஹெட் அப்ரூவ் பண்ணணும். நான் எஸ்கலேட் பண்ணிட்டேன் லா."

"எந்த ஹெட்?"

"ஹெட் ஆஃப் லிவிங், ஆன்டி."

வாழ்தலின் தலைவர். இப்படி ஒரு பதவி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தொழில்முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது என்று நினைக்கிறேன். கடவுளுக்குக்கூட இவ்வளவு நேரடியாக யாரும் பெயர் வைத்ததில்லை.

"அவர் எங்க?"

"அவருக்கு இன்னிக்கு டீம் பில்டிங். போன் சைலன்ட்ல இருக்கும். பார்த்துட்டுக் கண்டிப்பா ரிப்ளை பண்ணுவார், ஆன்டி."

"உள்ள இருக்கறது பிள்ளம்மா. ஆஸ்துமா."

நாதஸ்வரத்திலிருந்து தள்ளிப் போனாள் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "தெரியும் ஆன்டி. ஹெட்டுக்கு ஏற்கெனவே அஞ்சாறு தடவ அடிச்சிட்டேன். போன தடவ நானே ஆளக் கூப்பிட்டதுக்கு எனக்கு வார்னிங் குடுத்துட்டாங்க, ஆன்டி." பாவம், எக்ஸிகியூட்டிவ். நிர்வகிக்க அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது அந்த ஒரு வார்னிங் மட்டும்தான்.

இதற்குள் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் கொண்டோவில் படித்தவர்களுக்குக் குறைவில்லை. 3A-வில் ஒரு சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட், கம்ப்யூட்டர்காரர், குடியிருக்கிறார். கதவை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "மெயின ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மெயின் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். அது தன்னுடைய டிபார்ட்மென்ட் இல்லை என்றார். அவருடைய எதிர்வீட்டு லைஃப் கோச் என்னை மெல்ல நகர்த்திவிட்டுப் பிளவில் வாயை வைத்து, பயிற்சிபெற்ற குரலில் பேசினார்.

"பாப்பா, நல்லா ஆழமா மூச்ச உள்ள இழுங்க. ஒரு கடற்கரைய நெனச்சுக்குங்க."

கீழேயிருந்து பதில் வந்தது. "ஆன்டி, இழுக்கத்தான் முடியல."

லைஃப் கோச் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அதன்பிறகு அவர் பேசவில்லை. அந்த அளவுக்கு அவர் நல்லவர்.

மறுபடி பிளவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் குரல் நடுங்கக் கூடாது. அவள் என் குரலை வைத்துத்தான் நிலைமையைக் கணக்குப் போடுவாள். சாப்பாட்டு மேசையில் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"ஓகே, ஆரம்பிக்கலாமா? சேல்ஸ் எஞ்ஜினியர்?"

"மா, இப்பவா?"

"இப்பத்தான். சேல்ஸ் எஞ்ஜினியர்?"

"எஞ்ஜின் எப்படி ஓடுதுன்னே தெரியாம, அதப் பத்திப் பேசி விக்கறவர்."

"கஸ்டமர் டிலைட் ஸ்பெஷலிஸ்ட்?"

"போன எடுக்காம நமக்குப் பாட்டுப் போட்டு விடறவங்க."

"புரொஜெக்ட் கோஆர்டினேட்டர்?"

"ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கறவங்க."

"டைரக்டர்?"

"அப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க நேரமானது. எனக்குப் பின்னால் நின்ற சேஃப்டி அம்பாசிடர் தன் தொப்பியைக் கழற்றி, பிளவில் காற்றுப் போகும்படி விசிற ஆரம்பித்தான். அவனுடைய பதவி விளக்கத்தில் அது இல்லை.

"உள்ள ஏதாவது போன் நம்பர் ஒட்டியிருக்கா பாரு. போன்ல டோர்ச்ச அடிச்சுப் பாரு" என்றேன்.

இருட்டில் எழுந்து தேடினாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் சுவரைத் தடவுகிற சத்தம். பிறகு ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நடுநடுவே நின்றாள். நான் எண்களை அழுத்தினேன். லிஃப்ட் கம்பெனியின் அவசர அழைப்பு மையம் எடுத்தது. ஒரு பெண். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், என் ஆங்கிலத்தில் இருந்த அழுகையைக் கேட்டு அவராகவே தமிழுக்கு மாறினார்.

"அக்கா, ரெசிடென்ட் கூப்பிட்டா நாங்க ஆள் அனுப்ப முடியாதுக்கா. ஆளாளுக்குக் கூப்பிட்டு, வந்து பார்த்தா ஒண்ணும் இருக்காது. பில்டிங் சைடுலருந்து வரணும்."

"எக்ஸிகியூட்டிவ பேசச் சொல்லட்டா? கம்யூனிட்டி எக்ஸ்பீரியன்ஸ் எக்ஸிகியூட்டிவ்."

விசைப்பலகை தட்டும் சத்தம். "அப்படி ஒரு போஸ்ட் எங்க சிஸ்டத்துல இல்லக்கா."

"ஹெட் ஆஃப் லிவிங்?"

"என்ன ஹெட்?"

"லிவிங்."

மறுபடியும் தட்டினார். "அதுவும் இல்லக்கா. உங்க பில்டிங்குக்கு ஒரே ஒரு போஸ்ட்தான் போட்டிருக்கு. பில்டிங் சூப்பர்வைசர். அவர் கூப்பிட்டா இந்த நிமிஷமே அனுப்பலாம்."

பில்டிங் சூப்பர்வைசர் என்று ஒருவர் இருந்தார். குப்பைத்தொட்டி அறைப் பக்கம் நின்று சிகரெட் பிடிப்பார், கார் நிறுத்துகிறவர்களை ஏசுவார், யாருக்கும் அவரைப் பிடிக்காது. புது நிர்வாகம் வந்தபோது, சூப்பர்வைசர் என்ற சொல் பழைய ஃபேக்டரி மாதிரி இருக்கிறது என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அவரும் பூச்சோங் பக்கம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார். பெயர் மாற்றும் வேகத்தில் லிஃப்ட் கம்பெனிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. லிஃப்ட் இயங்க ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்பது லிஃப்டுக்கு மட்டுமே நினைவிருந்தது.

கீழேயிருந்து அவள் மூச்சுச் சத்தம் இப்போது எனக்குக் கேட்டது. சின்ன விசில் மாதிரி. ஒவ்வொரு ஆஸ்துமாப் பிள்ளையின் அம்மாவுக்கும் தெரியும் அந்தச் சத்தம்.

"நான்தான் பில்டிங் சூப்பர்வைசர்" என்றேன்.

"இப்பத்தான ரெசிடென்ட்னு சொன்னீங்க?"

"ரெசிடென்டும்தான். இப்பத்தான் அப்பாயின்ட் ஆனேன்."

எங்கள் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசரை எடுக்க இரண்டு நேர்காணல், ஒரு ஆளுமைத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பிறகு ஆறு மாதத் தகுதிகாண் காலம். எல்லாவற்றையும் நான்தான் நடத்துவேன். என் அனுபவத்தில் இவ்வளவு வேகமாக நிரப்பப்பட்ட பதவி வேறு கிடையாது. விண்ணப்பித்தவரும் நான், தேர்ந்தெடுத்தவரும் நான். எதிர்த்து யாரும் கைதூக்கவில்லை.

அந்தப் பெண் என்னை நம்பினாரா, நம்புவது போல் இருந்துவிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. "சரிங்க சூப்பர்வைசர்" என்றார். "எந்த ஃப்ளோர்? உள்ள எத்தன பேர்?"

"மூணுக்கும் 3A-வுக்கும் நடுவுல. ஒரு பிள்ள. ஆஸ்துமா. மருந்து வெளிய இருக்கு."

"எங்காளு செந்தூல்ல ஒரு பில்டிங்ல இருக்காரு. பைக்குலதான் வருவாரு, ஜேம்ல மாட்ட மாட்டாரு. நீங்க அங்கயே இருங்க. யாரும் கதவ உடைக்காதீங்க."

கைப்பேசியை வைத்த மறு நிமிடம் எக்ஸிகியூட்டிவ் கூப்பிட்டாள். தூதர் அவளுக்கும் எஸ்கலேட் செய்திருக்கிறார். "ஆன்டி, நீங்களே லிஃப்ட் கம்பெனிக்கு அடிச்சிட்டீங்களா? அப்ரூவல் இன்னும் வரலையே ஆன்டி..."

"நான் சூப்பர்வைசர் பேசறேன்" என்றேன். "நோட்டட்."

"தேங்க்ஸ் ஆன்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள். குரலில் அவளுக்கும் ஒரு மூச்சு விடுபட்டது தெரிந்தது.

அதற்குப் பிறகு இருந்த நேரத்தை நான் அளக்கவில்லை, அளந்திருந்தாலும் இங்கே எழுத மாட்டேன். பிளவில் காதை வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஸ்ட்ராட்டஜிஸ்ட்?"

"ஸ்லைட்... போடறவர்."

"இன்ஃப்ளூயன்சர்?"

"ஓசி... சாப்பாடு."

வாக்கியங்கள் போய்ச் சொற்கள் ஆகிவிட்டன. சொற்களுக்கு நடுவே விசில் வந்தது. பதில் சரியா தப்பா என்று நான் பார்க்கவே இல்லை. எத்தனை எழுத்து என்று மட்டும் பார்த்தேன்.

"பிசினஸ் அனலிஸ்ட்?"

"எக்செல்."

"ஹெட் ஆஃப் லிவிங்?"

பதில் இல்லை.

"கண்ணு, ஹெட் ஆஃப் லிவிங்? அவர் என்ன செய்வார்?"

பதில் இல்லை. விசில் மட்டும். நான் மறுபடி கேட்டேன். கத்தினேன். கதவைக் கையால் அடித்தேன். அடித்த கை வலிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் யாரையோ திட்டினார். யாரை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அப்போது படிக்கட்டுக் கதவு திறந்தது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் கொம்பிட்டன்ட் பெர்சன் என்று எழுதியிருந்தது. லிஃப்டைத் தொட அனுமதி உள்ளவரை எங்கள் நாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேலை தெரிந்த ஆள். நான் பார்த்த பதவிப் பெயர்களிலேயே மற்ற எல்லோரையும் இவ்வளவு அவமானப்படுத்தும் பெயர் இன்னொன்று இல்லை.

"யாரு சூப்பர்வைசர்?" என்று அதட்டினார்.

நான் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். மற்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

அவர் ஒன்றாம் எண் லிஃப்டில் மேலே மோட்டார் அறைக்குப் போய் மின்சாரத்தை அணைத்துவிட்டு வந்தார். கதவின் மேல்மூலையில் ஒரு சாவியைச் செருகினார். கை வேலை செய்துகொண்டிருந்தபோதே வாய் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியது.

"போன சர்வீஸ்லயே சொல்லிட்டுப் போனேன்ல, கதவு ரோலர் தேஞ்சு போச்சு, மாத்துங்கன்னு? அப்ரூவல் வரணும், அப்ரூவல் வரணும்னு இழுத்தடிச்சீங்க. வந்துச்சா அப்ரூவல்?"

"வரலண்ணே."

"அப்புறம் எதுக்கு நீங்கல்லாம் சூப்பர்வைசரு? உள்ள மாட்டிக்கிட்டது உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேண்ணே" என்றேன். "சாரிண்ணே."

பதவிக்கு வந்ததும் அதற்குரிய ஏச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று அந்தக் கட்டடத்தில் அதை வாங்கிக்கொள்ள முன்வந்தது நான் ஒருத்திதான். வாழ்நாளில் எந்த ஏச்சையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அவர் ஏசிக்கொண்டிருக்கும்வரை கதவு திறந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

திறந்தது. லிஃப்டின் தரை எங்கள் தரையிலிருந்து நல்ல ஆழத்தில் இருந்தது. அவள் மூலையில் சுவரில் சாய்ந்து, பார்சலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவர் உள்ளே குதித்து அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தார். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். தோள்கள் ஏறி இறங்கின. மறுபடி அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து விசில் மெலிந்தது. "மா" என்றாள்.

கொம்பிட்டன்ட் பெர்சன் லிஃப்டுக்குள் நின்றபடி என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உங்க மகளா?"

தலையாட்டினேன்.

"அப்ப சூப்பர்வைசர்?"

"இன்னிக்கு மட்டும்ணே."

அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "எப்படி இருந்தாலும் அந்த ரோலர மாத்தியாகணும்" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

பொம்பாக்காரர்கள் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். அவள் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்கள், பரவாயில்லை, ஆனாலும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கீழே வரவேற்பறை சோபாவில் அவளை என்மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். டைரக்டர் லோரியை எங்கேயோ போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். சேஃப்டி அம்பாசிடர் எங்கிருந்தோ ஒரு மைலோ பானப் பாக்கெட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகின்றன. என் கைப்பையில் ஓர் இன்ஹேலர், அவள் பள்ளிப்பையில் ஒன்று, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் ஒன்று. வேறு எங்கேயாவது லிஃப்ட் மணி அடித்தால் என் காது தானாகக் கூர்மையாகி, விசில் கேட்கிறதா என்று தேடுகிறது. ஆபீஸில் போன வாரம் ஒரு புதுப் பதவிக்குப் பெயர் கேட்டார்கள். என்ன வேலை என்று கேட்டேன். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெயர் வைத்த பிறகு வேலையை முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். எனக்கு மூச்சு முட்டியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அன்று, நாங்கள் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து கடைசியாக ஒருவர் உள்ளே வந்தார். ஒரே அணி, ஒரே கனவு என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பச்சை டீ சட்டை. அவர்மேல் சுட்ட கோழியின் வாசனை. கையில் கைப்பேசி, அதில் அப்போதுதான் எல்லாச் செய்திகளையும் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சிரித்த முகமாக எங்களைப் பார்த்து நடந்து வந்தார்.

"ஹாய் மேடம், நான்தான் ஹெட் ஆஃப் லிவிங்" என்றார். "சோ, எல்லாம் ஓகேதானே?"

என் மகள் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் மேலே கதவடியில் கேட்டுப் பதில் கிடைக்காமல் போன கேள்விக்கு, நடுவில் ஓர் இடத்திலும் மூச்சு வாங்காமல், பதில் சொன்னாள்.

"எல்லாம் முடிஞ்சு, எல்லாரும் வந்துட்டுப் போனப்புறம், கோழி சாப்பிட்டுட்டு வந்து ஓகேவான்னு கேக்கறவர், மா."